சிவப்பு விளக்கைப் பார்த்தவன்

ஏரிக்கரையிலுள்ள லுகாலித் துறையில் படம் பார்க்க வருகிறவர்களுக்கு ஒரே ஒரு சட்டம்தான் உண்டு. ஸ்டாரிங் சாகக் கூடாது.

ஸ்டாரிங் என்றால் படத்தின் நாயகன். அவன் மேல் குண்டு பாயலாம், மலையிலிருந்து உருளலாம், பெண்டாட்டி ஓடிப்போகலாம். செத்து மட்டும் போகக் கூடாது. தப்பித்தவறி ஒரு படத்தில் செத்துவிட்டானா, அவன் ஸ்டாரிங்கே இல்லை, நாம்தான் ஆளை மாற்றிப் பார்த்துவிட்டோம் என்று கூட்டம் தீர்ப்புச் சொல்லிவிடும். ஒரு சண்டைப் படத்தில் எல்லாரும் செத்து, கடைசியில் ஒரு குதிரை மட்டும் மிஞ்சியது. "அப்ப குதிரைதான் ஸ்டாரிங்" என்று சொல்லிவிட்டு முலோண்டோ எழுந்து போனான். சத்தியமான வார்த்தை.

இந்தக் கூட்டத்துக்கு முன்னால் மைக்கைப் பிடித்துக்கொண்டு உட்காருகிறவன் வாலுசிம்பி. வீஜே என்று கூப்பிடுவார்கள். படம் இங்கிலீஷில் ஓடும். அதன் சத்தத்தைத் தணித்துவிட்டு, கதையை ஊர்ப் பேச்சான லுகாண்டாவில் சொல்வது அவன் வேலை. உள்ளதை உள்ளபடி சொன்னால் யார் வருவார்கள்? வில்லனுக்கு ஊர் வட்டிக்கடைக்காரன் பேரை வைப்பான். முத்தம் கொடுக்கிற இடத்தில் துறையின் மீன்விலையைச் சொல்வான். தகரமும் பலகையும் சாக்குப் படுதாவுமாக நின்ற அந்தக் கொட்டகையில் அவன் வாயில் வந்ததுதான் கதை.

அவ்வளவு பேசுகிறவனால் சொந்த வீட்டில் ஒரு ஆளைப் பேச வைக்க முடியவில்லை. மாமனார் கிகோங்கோவை.

கிகோங்கோ அந்தத் துறையின் பெரிய சுக்கானி. இளமையில் ஏரிக்கு அக்கரையிலுள்ள கிசுமுவுக்குப் போய்வரும் கப்பலில் வேலை பார்த்தவர், பிறகு சொந்த ஊர் திரும்பிப் படகுகளில் சுக்கான் பிடித்தார். அவர் சுக்கான் பிடித்தால் மீனே ஒதுங்கி வழி விடும் என்று பெண்கள் பாட்டுக் கட்டினார்கள். மூன்று வருஷத்துக்கு முன் ஒரு சந்தை நாளில், ஆளும் மக்காச்சோள மூட்டையுமாக நிரம்பி வழிந்த படகைத் தீவிலிருந்து ஓட்டி வந்தார். நடு ஏரியில் புயல் பிடித்தது. படகு கவிழ்ந்தது. கரை சேர்ந்தவர்கள் கொஞ்சம் பேர். அவர் சேர்ந்தார். படகின் முன்பக்கம் உட்கார்ந்திருந்த அவர் மகன் கயீரா சேரவில்லை, உடம்பும் கிடைக்கவில்லை. கயீரா வாலுசிம்பிக்கு மச்சான் மட்டுமில்லை, சிறுவயதிலிருந்து கூட்டாளி.

உடம்பு கிடைக்காதவனுக்கு வாழைத்தண்டை மரப்பட்டைத் துணியில் சுற்றி அடக்கம் செய்வார்கள். அது ஒன்றும் புதிதில்லை, ஏரிக்கரையில் எத்தனையோ தண்டுகள் மண்ணுக்குள் கிடக்கின்றன. ஆனால் அப்பன் உயிரோடு இருக்கையில் அவர் வந்து மண் போடாமல் எப்படி மூடுவது? குலத்துப் பெரியவர்கள் கேட்டுப் பார்த்தார்கள். கிகோங்கோ தலையாட்டவுமில்லை, மறுக்கவுமில்லை. வலையைப் பிரித்துப் பிரித்து மறுபடி முடைந்துகொண்டு உட்கார்ந்திருந்தார். அடக்கம் முடிகிறவரை துக்கவீட்டு முற்றத்து நெருப்பு அணையக் கூடாது என்பது வழக்கம். மூன்று வருஷமாக அந்த முற்றத்தில் நெருப்பு எரிந்தது. மழை பெய்தால் மாமியார் அதன் மேல் தகரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

மாமியாரும் மருமகனும் முகம் பார்க்கக் கூடாது என்பது இங்கே கடுமையான வழக்கம். வாலுசிம்பி விறகு கொண்டுபோய்ப் போட்டால் சுவரைப் பார்த்துத் திரும்பி நிற்பான். அவள் வாழைக்குத்துக்குப் பின்னாலிருந்து பேசுவாள்.

"மாப்பிள்ளை, இருக்கீங்களா?"

"இருக்கேன் அத்தை."

"விறகு தீந்துபோச்சு."

"அதான் கொண்டாந்திருக்கேன்."

"இன்னும் எத்தனை நாளைக்கு இந்த நெருப்புக்குத் தீனி போடறது? என் புள்ள ஏரிக்குள்ள குளிர்ல கிடக்கான். நான் இங்க வெறும் தரைக்கு வெக்கை காட்டிக்கிட்டு இருக்கேன்." வாழையிலைக்குப் பின்னால் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. "பொட்டிக்குள்ள இருக்கற வெள்ளைக்காரனையெல்லாம் லுகாண்டா பேச வைக்கறீங்களாம். என் புருஷனை ஒரு வார்த்தை பேச வைக்க மாட்டீங்களா?"

வாலுசிம்பி சுவரைப் பார்த்துக்கொண்டே விறகை இறக்கி அடுக்கினான்.

அந்த வாரம்தான் டவுனிலிருந்து ஒரு படம் வந்தது. ரயில் ஓட்டுகிறவன் கதை. தனியாக உட்கார்ந்து ஒருமுறை பார்த்தான். பார்த்ததும் பள்ளிக்கூடத்தில் இலக்கியம் படித்ததெல்லாம் எழுந்து வந்துவிட்டது. நேரே வீட்டுக்கு ஓடினான். அவன் பெண்டாட்டி நசூனா புகைபோடும் மீனைப் பெரிது சிறிதாகக் கூடையில் பிரித்துக்கொண்டிருந்தாள்.

"நசூனா, துயரக் கதாநாயகன்னு ரெண்டு வகை உண்டு, தெரியுமா?"

"எனக்கு எதுக்கு? எனக்கு மீன்ல ரெண்டு வகை தெரிஞ்சாப் போதும்."

"கேளேன். பழைய கிரேக்கக்காரங்க சொன்ன வகை ஒண்ணு. ராஜா மாதிரிப் பெரிய ஆள். நல்லவன். ஆனா ஒரு தப்புப் பண்ணுவான், தெரிஞ்சோ தெரியாமலோ. அதுல குடை சாய்ஞ்சுருவான். கடைசியில தன் தப்பைத் தானே பாத்துருவான்."

"யானைக்கும் அடி சறுக்கும். இதைச் சொல்றதுக்குக் கிரேக்கக்காரன் வேணுமா?"

"ரெண்டாவது வகை இந்தக் காலத்து ஆள். நம்மள மாதிரிச் சின்ன ஆள். அவன் மேல தப்பே இருக்காது. முதலாளி, காசு, ஊரு, உலகம் எல்லாம் சேர்ந்து அவனை நசுக்கிரும். ஏழை சொல் அம்பலம் ஏறாது, அந்த மாதிரி." குரலைத் தாழ்த்தினான். "உங்கப்பா ரெண்டாவது வகை. அதை அவருக்குப் புரிய வச்சுட்டா வந்து மண் போட்டுருவார். தன் மேலதான் தப்புன்னு நெனச்சுத்தான் இப்படி உட்கார்ந்திருக்கார்."

நசூனா கையிலிருந்த மீனை எந்தக் கூடையிலும் போடவில்லை. "எங்கப்பாவை வகை பிரிக்கறீங்களா? கூடைக்கு ஒண்ணாப் போட அவரு என்ன மீனா?"

"அடியே, நல்லதுக்குத்தான் சொல்றேன்."

"அந்த ரயில்காரன் எந்த வகை?"

வாலுசிம்பி தலையைச் சொறிந்தான். அங்கேதான் இடித்தது. படத்தில் அந்த ஆள் முதல் வகை, அப்பட்டமாக. சிவப்பு விளக்கைப் பார்த்தும் பாலத்தில் ரயிலை விட்டவன். "அவன் எந்த வகையா வேணா இருந்துட்டுப் போறான்," என்றான். "மைக்கு என் கையில இருக்கு. ரெண்டாவது வகையா மாத்திர மாட்டேனா?"

"உங்க பாடு, உங்க மைக்கு பாடு," என்றாள் நசூனா. ஆனால் அன்று சாயங்காலமே அப்பா முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்தாள். "உங்க மாப்பிள்ளை பேசறதை ஊரே கேக்குது, நீங்க ஒரு தடவைகூடக் கேட்டதில்லப்பா. அவருக்கு அது மனக்குறை." கிகோங்கோ வலையிலிருந்து கண்ணை எடுத்து மகளைப் பார்த்தார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் துவைத்த சட்டை போட்டுக்கொண்டு வந்துவிட்டார்.

அவர் நுழைந்ததும் கொட்டகையே எழுந்தது. முன் பெஞ்சில் இடம் விட்டார்கள். ஒருத்தி வறுத்த மரவள்ளியை இலையோடு கையில் வைத்தாள். "வாங்க ஐயா. ஏரி எடுத்ததுக்கு மனுஷன் என்ன செய்வான்," என்றது ஒரு குரல். "முகாசா கேட்டுட்டான், கொடுக்காம முடியுமா," என்றது இன்னொன்று. முகாசா ஏரித்தெய்வம். "எல்லாம் அந்தப் படகு முதலாளி பேராசை, மூட்டை ஏத்தினானே பாவி," என்றான் முலோண்டோ. மீன் ஐஸ் உடைக்கிற பெரிய உடம்புக்காரன் அவன். அந்தப் படகில்தான் அவன் பெண்டாட்டி ப்ரோஸியும் முழுகிப் போனாள். இந்த வார்த்தைகளை மூன்று வருஷமாக வணக்கம் சொல்கிற மாதிரி எல்லாரும் சொல்லி வந்தார்கள். கிகோங்கோ ஒவ்வொன்றுக்கும் தலை குனிந்தார். மரவள்ளியைத் தொடவில்லை.

ஜெனரேட்டர் இருமி எழுந்தது. வாலுசிம்பி தொண்டையைச் செருமினான்.

அன்றைக்கு அவன் பேசினானே ஒரு பேச்சு! ரயில் ஓட்டுகிறவன் காலையில் மகளைத் தூக்கிக் கொஞ்சினான். "இந்தக் கை இரும்பை ஓட்டற கைடா, ஆனா புள்ளையத் தூக்கும்போது பஞ்சு," என்றான் வாலுசிம்பி, பெண்கள் உச்சுக்கொட்டினார்கள். படத்தில் ரயில் கம்பெனி முதலாளி என்று யாருமே கிடையாது. தொப்பி போட்டு ஒரு ஆள் பிளாட்பாரத்தில் சும்மா சுருட்டுப் பிடித்துக்கொண்டு நின்றான். அவனைப் பிடித்து முதலாளியாக்கிவிட்டான். "இவன்தான் பாலத்து இரும்பைத் திருடி வித்தவன். இவன் வயித்தைப் பாருங்க, பாலம் முழுக்க அதுக்குள்ளதான் இருக்கு!" கொட்டகை அவனைக் காறித் துப்பியது. பாவம், எந்த ஊர் நடிகனோ.

மழை. இரவு. பாலத்துக்கு முன்னால் சிவப்பு விளக்கு. திரையில் ரயில்காரன் முகம் பெரிதாக வந்தது, கண்ணில் அந்தச் சிவப்பு விழுந்தது. "விளக்கு கெட்டுப்போச்சு!" என்று கத்தினான் வாலுசிம்பி. "பச்சையா சிவப்பான்னே தெரியல! காசு மிச்சம் புடிக்கக் கம்பெனி பழைய விளக்கை மாட்டியிருக்கு!" ரயில் பாலத்தில் ஏறியது. பாலம் உடைந்தது.

"செத்தானா?" என்றான் முலோண்டோ.

"சாகலை. ஸ்டாரிங் சாவானா?"

"அப்படிச் சொல்லு!"

கடைசியில் விசாரணை. நீதிபதி நல்ல மனுஷன், கண்ணாடியைக் கழற்றிக் கழற்றித் துடைத்தான். ரயில்காரன் கட்டுப்போட்ட கையோடு எழுந்து நின்றான். அவன் உதடு அசைந்தது. வாலுசிம்பி குரலில் கண்ணீரைக் கலந்து தயாராக வைத்திருந்த வசனத்தை எடுத்துவிட்டான். "ஐயா, நான் கூலிக்காரன். ஓட்டுன்னா ஓட்டுவேன். பாலம் என்னுதா? விளக்கு என்னுதா? என் மேல ஒரு தப்பும் இல்லை ஐயா!"

"ஒரு தப்பும் இல்லை!" என்றது கொட்டகை. சிலர் முன் பெஞ்சைப் பார்த்துச் சொன்னார்கள்.

"மாப்பிள்ளை, நிறுத்துங்க."

சத்தமாகச் சொல்லவில்லை. ஆனாலும் எல்லாருக்கும் கேட்டது. கிகோங்கோ எழுந்து நின்றார்.

"அவன் அப்படிச் சொல்லலை."

வாலுசிம்பிக்கு அப்போதுதான் உறைத்தது. கப்பல்! ஏழெட்டு வருஷம் இங்கிலீஷ்காரக் கேப்டன்களிடம் ஏச்சு வாங்கிய மனுஷனுக்கு இங்கிலீஷ் தெரியாமலா போகும்? அவர் வாயிலிருந்து அந்த மொழியை ஒருநாளும் கேட்டதில்லை என்பதால் அது இல்லை என்று நினைத்துவிட்டானே மடையன்.

"பின்னால ஓட்டுங்க. சத்தத்தைக் கூட்டுங்க."

வாலுசிம்பி பின்னால் ஓட்டினான். நீதிபதி மறுபடி கண்ணாடியைக் கழற்றினான். கிகோங்கோ வந்து மைக்குக்காகக் கை நீட்டினார். வாலுசிம்பி கொடுத்தான். வேறென்ன செய்வான்?

"ஜட்ஜு கேக்கறார்," என்றார் கிகோங்கோ. அவருக்கு ஏற்ற இறக்கம் ஒன்றும் தெரியவில்லை, வெறுமனே சொன்னார். "'மழை பெஞ்சுது. விளக்கு பழுதாயிருக்கலாம், இல்லையா? ஆமான்னு சொல்லு, போயிரலாம்'ங்கறார். இவன் சொல்றான், 'இல்லை ஐயா. விளக்கு நல்லாத்தான் எரிஞ்சுது. சிவப்பு. நான் பாத்தேன்.' 'பாத்துமா போனே?' 'இருபது வருஷமா அந்தப் பாலம் எனக்கு வழி விட்டுச்சு. அன்னைக்கும் விடும்னு நெனச்சேன்.'"

திரையில் ரயில்காரன் உட்கார்ந்துவிட்டான். கிகோங்கோ மைக்கைக் கீழே வைக்கவில்லை.

"மேகம் தென்கிழக்குல நின்னுச்சு," என்றார். "கறுப்பா, அடியில வெள்ளையா. அந்த மேகம் எனக்குத் தெரியும். இந்தத் துறையில என்னைவிட யாருக்குத் தெரியும்? கயீராவும் பாத்தான். 'அப்பா, தீவு ஓரமாவே ஒதுங்கி நின்னுட்டுப் போலாம்'னான். படகு நெறைய ஆளு. எல்லாரும் கேக்கற மாதிரிச் சொல்லிட்டான். மகன் சொல்லிக் கிகோங்கோ படகைத் திருப்பினான்னு மறுநாள் துறையில பேசுவாங்களே... 'பொம்பளை மாதிரிப் பயப்படாதடா'ன்னேன். எல்லாரும் சிரிச்சாங்க. அவன் ஒண்ணும் பேசாம முன்னால போய் உட்கார்ந்துட்டான்."

வாசலில் நசூனா சாக்குப் படுதாவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"மாமா," என்றான் வாலுசிம்பி. "உங்க மேல தப்பில்லைன்னு சொல்லத்தான் நான்..."

"தெரியும் மாப்பிள்ளை. நல்ல மனசு உங்களுக்கு. ஊருக்கே நல்ல மனசு. மூட்டை ஏத்தினது முதலாளிதான், அதை நான் இல்லைங்கல. காத்து முகாசாவோடதுதான். ஆனா சுக்கான் என் கையில இருந்துச்சு." கையை விரித்துப் பார்த்தார். "மூணு வருஷமா என் கையில சுக்கானே இல்லாத மாதிரிப் பேசறீங்க. ஏரி பண்ணுச்சு, காத்து பண்ணுச்சு, முதலாளி பண்ணினான். அப்ப அந்தப் படகுல நான் யாரு? மூட்டையோட ஒரு மூட்டையா? மூட்டை எப்படிப் பெத்த புள்ளைக்கு மண்ணு போடும்?"

பின் பெஞ்சு சரிந்து விழுந்தது. முலோண்டோ எழுந்திருந்தான். அவன் நடந்து வர வர ஆட்கள் காலை இழுத்துக்கொண்டார்கள். வாலுசிம்பி குறுக்கே போகப் பார்த்தான். முலோண்டோ அவனை ஒரே கையால் ஒதுக்கிவிட்டான்.

"பாத்தியா மேகத்தை?"

"பாத்தேன்."

"என் ப்ரோஸி உன்னை நம்பித்தான் ஏறினா. கிகோங்கோ ஓட்டினா நான் கண்ணை மூடிக்கிட்டுப் போவேன்னு சொல்லிட்டுப் போனா. சிரிச்சவங்கள்ள அவளும் இருந்தாளா?"

கிகோங்கோ யோசித்தார். பொய் சொல்லியிருக்கலாம். "இருந்தா," என்றார். "நல்லாச் சிரிச்சா."

"பாவி!" முலோண்டோவின் குரல் கிழிந்தது. "அடப் பாவி! மூணு வருஷமா நெஞ்சுக்குள்ள அடைச்சு வச்சிருக்கேன்டா. திட்டணும், யாரையாவது புடிச்சு உலுக்கணும். எல்லாரும் ஏரி, ஏரின்னாங்க. ஏரியைப் போய் என்னன்னு திட்டுவேன்? உனக்கே ஆறுதல் சொன்னேனேடா, இந்த வாயால!"

கிகோங்கோ மெல்ல மண்டி போட்டார். அந்த வயசில் ஒரு மனுஷன் தன்னைவிடச் சின்னவன் முன்னால் மண்டி போடுவதை லுகாலி பார்த்ததில்லை. முலோண்டோ அவரைத் தூக்கிவிடவுமில்லை, அடிக்கவுமில்லை. நின்றபடி வாய்க்கு வந்ததையெல்லாம் திட்டினான், குலம் கோத்திரம் எல்லாவற்றையும் இழுத்துத் திட்டினான். அப்புறம் குரல் நின்றுபோய், அவர் பக்கத்திலேயே மண் தரையில் தொப்பென்று உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டு அழுதான். அழட்டும் என்று எல்லாரும் விட்டுவிட்டார்கள். பலர் அழுதார்கள், அந்தப் படகில் ஆள் போகாத வீடு அங்கே எத்தனை?

"அப்ப ஸ்டாரிங் யாரு?" என்று பின்னாலிருந்து யாரோ தெரியாமல் கேட்டுவிட்டார்கள்.

வாலுசிம்பி டிவியை அணைத்தான். பள்ளிக்கூடத்து வாத்தியார் கரும்பலகையில் நடுவில் கோடு கிழித்து, இந்தப் பக்கம் ராஜா, அந்தப் பக்கம் கூலிக்காரன் என்று எழுதியது ஞாபகம் வந்தது. கூலிக்காரனுக்குத் தப்புச் செய்கிற உரிமையைக்கூட அந்தக் கோடு விட்டு வைக்கவில்லை. தானும் மாமனாருக்கு அதைத்தானே செய்ய இருந்தோம் என்று நினைத்ததும் அவனுக்கு வெட்கமாக இருந்தது.

மறுநாள் காலையில் கிகோங்கோ தன் கையாலேயே வாழைத்தண்டை வெட்டினார். மகன் உயரத்துக்கு அளந்து வெட்டினார். பெரியவர்கள் மரப்பட்டைத் துணியைச் சுற்றிக் கட்டினார்கள். குழிவெட்ட வந்தவர்களில் முலோண்டோவும் இருந்தான். கிகோங்கோவிடம் ஒரு வார்த்தையும் பேசவில்லை, முகத்தைக்கூடப் பார்க்கவில்லை, ஆனால் எல்லாரையும்விட ஆழமாக வெட்டினான். நசூனா குழி ஓரத்தில் தோளைக் குறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தண்டை இறக்கினார்கள். துணிக்குள் இருப்பது வாழைதான் என்று தெரிந்தும், அது குழியின் அடியைத் தொட்டபோது வாலுசிம்பி முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

கிகோங்கோ ஒரு பிடி மண்ணை எடுத்தார்.

"கயீரா," என்றார். "நீ சொன்னதுதான்டா சரி."

மண் விழுந்தது. மற்றவர்களும் போட்டார்கள்.

எல்லாம் முடிந்து ஆட்கள் கலைந்த பிறகு, முற்றத்தில் தண்ணீர் ஊற்றும் சத்தமும் நெருப்பு சீறும் சத்தமும் கேட்டன. வாலுசிம்பி வழக்கப்படி சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான். சாம்பல் வாசனை அவன் வரைக்கும் வந்தது. மாமியாரின் காலடி வாழைக்குத்துக்குப் பின்னால் போய் நின்றது.

"மாப்பிள்ளை, இருக்கீங்களா?"

"இருக்கேன் அத்தை."

"இனிமே விறகு வேண்டாம்."